உருவம் ஒத்த சொற்கள் உறவுச் சொற்களா? ஐரோப்பிய மொழிச் சொற்பிறப்பு குறித்த இழை

பொருநைச்செல்வி எழுதியது:

ஜெர்மன் மொழியை ஓரளவு கற்ற பின் இப்போது இலத்தீன் பாடங்களைத் தொடங்கியிருக்கிறேன். உடைமையாகக் கொண்டிருத்தல் என்ற பொருளில் ஜெர்மனில் 'ஹாபன்' என்ற வினையும் இலத்தீனில் 'ஹபேரெ' என்ற வினையும் வழங்குகின்றன. வடிவமும் பொருளும் ஒத்துப்போகின்றன. இரு மொழிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் என்னிடமுள்ள சொற்பிறப்பு அகராதி, இவ்விரண்டுக்கும் தொடர்பில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. கடவுளைக் குறிக்கும் இலத்தீன் 'தேயுஸ்', கிரேக்கத் 'தெயோஸ்' ஆகிய இணையையும், பகலைக் குறிக்கும் இலத்தீன் 'தியேஸ்', ஆங்கில 'டே' ஆகிய இணையையும் அவ்வாறே உறவற்றவை என்கிறது. இத்தனை நெருக்கமான ஒற்றுமையை எந்த அடிப்படையில் தற்செயல் என்று தள்ளுகிறார்கள்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

சொல்லேருழவன் எழுதியது:

நல்ல கேள்வி, அம்மா. விடைக்குள் செல்லுமுன் எழுத்து பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். 'காடு' என்பதன் முதலிலுள்ள ககரமும் 'தங்கம்' என்பதன் நடுவிலுள்ள ககரமும் நமக்கு ஒரே எழுத்து. ஐரோப்பிய மொழிகளில் அவை பொருளை வேறுபடுத்தும் இரு தனி ஒலிகள். ஆகவே முன்னதை வன்ககரம் என்றும் பின்னதை மென்ககரம் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். தகர, பகரங்களுக்கும் அப்படியே கொள்க.

மொழிநூலார் பார்ப்பது இரு சொற்கள் ஒன்றுபோல் ஒலிக்கின்றனவா என்பதை அன்று. ஒரு மொழியின் குறிப்பிட்ட ஒலிக்கு எதிராக மற்றொரு மொழியில் எந்த ஒலி ஒழுங்காக, சொல்லுக்குச் சொல் மீண்டும் மீண்டும் வருகிறது என்பதைத்தான். 1818-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்முஸ் ராஸ்க்கும், 1822-இல் ஜெர்மானியரான யாக்கோப் கிரிம்மும் இத்தகைய ஒழுங்கை விரிவாக எடுத்துக் காட்டினார்கள். இலத்தீனில் சொல்முதலில் வன்பகரம் இருக்குமிடத்தில் ஆங்கிலம், ஜெர்மன் முதலிய ஜெர்மானிய மொழிகளில் 'ஃப' ஒலி நிற்கும்: தந்தை 'பாட்டெர்' ஆங்கிலத்தில் 'ஃபாதர்', மீன் 'பிஸ்கிஸ்' ஆங்கிலத்தில் 'ஃபிஷ்'. அதேபோல் இலத்தீன் வன்ககரத்துக்கு எதிரே ஹகரம் நிற்கும்: கொம்பு 'கோர்னு' ஆங்கிலத்தில் 'ஹார்ன்', நூறு 'கென்டும்' ஆங்கிலத்தில் 'ஹன்ட்ரட்', இதயம் 'கோர்' ஆங்கிலத்தில் 'ஹார்ட்'.

இப்போது 'ஹாபன்' சொல்லை எடுங்கள். ஜெர்மனில் அது ஹகரத்தில் தொடங்குவதால் அதன் இலத்தீன் உடன்பிறப்பு வன்ககரத்தில் தொடங்க வேண்டும். அப்படி ஒரு சொல் இருக்கவும் செய்கிறது: பற்றுதல், பிடித்தல் என்று பொருள்படும் 'கபெரெ'. பற்றியது கையில் இருக்கும். பொருள் தொடர்பு தெளிவு. மறுபுறம், இலத்தீன் ஹகரத்துக்கு எதிரே ஜெர்மானிய மொழிகளில் மென்ககரம் வரும். தோட்டம் இலத்தீனில் 'ஹோர்டுஸ்', ஜெர்மனில் 'கார்ட்டன்'. அயலான், பின்னாளில் பகைவன் என்ற பொருளுடைய இலத்தீன் 'ஹோஸ்டிஸ்', விருந்தினனைக் குறிக்கும் ஜெர்மன் 'காஸ்ட்'. மனிதன் இலத்தீனில் 'ஹோமோ', பழைய ஆங்கிலத்தில் 'குமா'. (மணமகனைக் குறிக்கும் 'பிரைட்குரூம்' என்ற ஆங்கிலச் சொல்லின் பின்பாதி இந்தக் 'குமா' திரிந்தது, குதிரை பராமரிப்பவனைக் குறிக்கும் 'குரூம்' வந்து அதனிடத்தைப் பிடித்துக்கொண்டது.) ஆகவே 'ஹபேரெ'யின் உறவை மென்ககரத்தில் தேட வேண்டும். கொடுத்தலைக் குறிக்கும் ஜெர்மன் 'கேபன்', ஆங்கில 'கிவ்' ஆகியவையே அதன் உறவினர் என்பது பலர் ஏற்ற கருத்து. கொள்வதும் கொடுப்பதும் ஒரே கையின் வேலைதானே.

அகராதிப்பித்தன் எழுதியது:

நண்பர் சொல்லேருழவன் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். இலத்தீன் மென்தகரத்துக்கு எதிரே ஆங்கிலத்தில் வல்லொலியாகிய டகரம் வரும்: இரண்டு 'துவோ', ஆங்கிலத்தில் 'டூ', பத்து 'தெகெம்', ஆங்கிலத்தில் 'டென்'. இந்த விதிப்படி இலத்தீன் 'தியேஸ்' ஆங்கிலத்தில் மெல்லொலியில் தொடங்கும் 'டே' ஆகியிருக்க முடியாது. 'டே', ஜெர்மன் 'டாக்' ஆகியவை எரிதல், வெம்மை என்ற பொருளுள்ள வேறொரு வேரிலிருந்து வந்தவை என்பது பெரும்பாலோர் கொள்கை. 'தியேஸ்', 'தேயுஸ்' இரண்டும் ஒளிர்தல், வானம் என்ற வேருக்கு உரியவை. சமஸ்கிருத 'தேவ'வும் கிரேக்கச் 'சீயஸ்' கடவுளின் பெயரும் அதே குடும்பம்.

அந்த வேர் ஆங்கிலத்தில் அழிந்துவிடவில்லை. பழைய ஆங்கிலேயர் வணங்கிய 'டீவ்' என்ற கடவுளின் பெயரில் அது வாழ்கிறது. அவருடைய கிழமைதான் செவ்வாயைக் குறிக்கும் 'டியூஸ்டே'. ஆக, 'டியூஸ்டே' என்ற சொல்லில் இலத்தீன் 'தியேஸ்' சொல்லுக்கு உறவான பகுதி, பார்த்தவுடன் கண்ணில் படும் 'டே' இல்லை; முன்னால் நிற்கும் 'டியூஸ்'தான். சொற்பிறப்பியலில் எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை இது.

'தெயோஸ்' கதை வேறு. கிரேக்கத்தில் மூச்சொலியோடு கூடிய தகரம் சொல்முதலில் வந்தால், இலத்தீனில் அதற்கெதிரே 'ஃப' வரும்: கதவு கிரேக்கத்தில் 'துரா', இலத்தீனில் 'ஃபோரெஸ்'. அந்த வழியில் 'தெயோஸ்' சொல்லின் இலத்தீன் உறவினர், திருவிழாவைக் குறிக்கும் 'ஃபெஸ்டுஸ்', திருநாள்களைக் குறிக்கும் 'ஃபேரியே' ஆகியவை. ஜெர்மானியர் பள்ளி விடுமுறையைக் குறிக்கும் 'ஃபேரியன்', விழாக்காலச் சந்தையைக் குறிக்கும் ஆங்கில 'ஃபேர்', போர்ச்சுகீசியர் திங்கட்கிழமையைச் 'செகுண்டா ஃபெய்ரா', அதாவது இரண்டாம் திருநாள், என்று அழைக்கும் வழக்கு எல்லாம் அந்தக் கிளையில் பூத்தவை.

முத்துநகர்வாசி எழுதியது:

விளக்கங்கள் கவர்ச்சியாக இருக்கின்றன. ஆனால் எனக்கு ஓர் ஐயம். விதிக்குப் பொருந்தினால் உறவு, பொருந்தாவிட்டால் தற்செயல் என்று சொல்வது சௌகரியமான வாதமாகத் தெரிகிறது. இலத்தீனில் மிளகு 'பிப்பெர்'; தங்கள் விதிப்படி ஆங்கிலத்தில் அது 'ஃப'வில் தொடங்க வேண்டும். ஆனால் 'பெப்பர்' என்றே இருக்கிறது. ஜெர்மனிலோ 'ப்ஃபெஃபர்'. இரண்டில் எது விதி?

சொல்லேருழவன் எழுதியது:

தாங்கள் எடுத்துக்காட்டிய சொல் விதியை உடைக்கவில்லை. அந்த விதி செயல்பட்ட காலத்தையே காட்டித் தருகிறது. பகரம் 'ஃப'வாக மாறியது கிறித்து பிறப்பதற்கு முந்தைய நிகழ்வு. அம்மாற்றம் ஓய்ந்த பின்பு உரோமானிய வணிகர்களிடமிருந்து ஜெர்மானியர் மிளகையும் அதன் பெயரையும் வாங்கினர். ஆகவே ஆங்கிலத்தில் பகரம் மாறாமல் நின்றது. பின்னர் சுமார் 6-ஆம் நூற்றாண்டு முதல் இன்றைய தென் ஜெர்மனிப் பகுதியில் இரண்டாவது ஒலிமாற்றம் நிகழ்ந்தது. அதில் பகரம் 'ப்ஃப' ஆகவும், டகரம் 'ட்ஸ' ஆகவும் திரிந்தன: ஆங்கில 'ஆப்பிள்' ஜெர்மனில் 'அப்ஃபெல்', ஆங்கில 'டென்' ஜெர்மனில் 'ட்சேன்'. இந்த இரண்டாம் அலையில் சிக்கியதால்தான் மிளகு 'ப்ஃபெஃபர்' ஆனது. ஓட்டைக் குறிக்கும் இலத்தீன் 'டேகுலா' ஆங்கிலத்தில் 'டைல்' என்றும் ஜெர்மனில் 'ட்சீகெல்' என்றும் வழங்குவதும் இதே வரலாறுதான். முதல் அலைக்குப் பின், இரண்டாம் அலைக்கு முன் என்று, வாங்கிய காலத்தை ஆவணம் ஏதுமின்றிச் சொல்லின் முதலெழுத்தே சொல்லிவிடுகிறது.

மற்றுமொரு செய்தி. இலத்தீனுக்கு அச்சொல் கிரேக்கத்திலிருந்தும், கிரேக்கத்துக்கு இந்தியாவிலிருந்தும் சென்றது. மூலமான 'பிப்பலி' என்பது மிளகின் பெயரன்று, திப்பிலியின் பெயர். கப்பலேறிய சரக்கு மாறியது. சீட்டில் எழுதிய பெயர் மாறவில்லை.

விதிக்கு உண்மையான விலக்குகளும் இருந்தன. இலத்தீன் 'பாட்டெர்', 'ஃப்ராட்டெர்' இரண்டிலும் நடுவில் ஒரே டகரம் இருக்க, ஜெர்மனில் தந்தை 'ஃபாட்டர்' என வல்லொலியோடும், உடன்பிறந்தான் 'புரூடர்' என மெல்லொலியோடும் வருவது ஏன் என்று அரை நூற்றாண்டு காலம் எவராலும் சொல்ல முடியவில்லை. 1870-களில் கார்ல் வெர்னர் விடை கண்டார். மூலமொழியில் சொல்லின் எந்த அசையில் அழுத்தம் இருந்தது என்பதைப் பொறுத்து ஒலி இரு வழியாகப் பிரிந்தது. அந்த அழுத்தத்தை வேதகால சமஸ்கிருதம் காத்து வைத்திருந்தது: 'பிதா'வில் இறுதி அசையிலும் 'ப்ராதா'வில் முதல் அசையிலும் அழுத்தம். விலக்குக்கும் விதி கிடைத்த பிறகுதான் இத்துறைக்கு மதிப்பு உயர்ந்தது. சௌகரியமான வாதம் என்று இதைச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

பனிநாட்டுத்தமிழன் எழுதியது:

நான் பல ஆண்டுகளாகச் சுவீடனில் வாழ்கிறேன். மேலே பேசப்பட்டவை உறவின்றி உருவம் ஒத்தவை. உறவு உறுதியாக இருந்தும் பொருள் எதிரெதிராகப் போன சொற்கள்தான் அன்றாட வாழ்வில் அதிகம் தொல்லை தருகின்றன. 1928-இல் கோஸ்லர், தெரோக்கிஞி என்ற இரு பிரெஞ்சு ஆசிரியர்கள் இத்தகையவற்றுக்குப் 'பொய் நண்பர்கள்' என்று பெயரிட்டனர், அப்பெயர் நிலைத்துவிட்டது.

'கிஃப்ட்' என்ற சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அன்பளிப்பு. ஜெர்மனில் நஞ்சு. சுவீடிஷிலும் டேனிஷிலும் நஞ்சு என்ற பொருளோடு, 'மணமானவர்' என்ற பொருளும் உண்டு. இதை வைத்து இங்குள்ளவர்கள் சொல்லும் நகைச்சுவைகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் வேர், கொடுத்தல் என்பதே. பெண்ணைக் கொடுத்தல் என்ற வழக்கிலிருந்து திருமணப் பொருள் வந்தது. ஜெர்மனிலும் சீதனத்தைக் குறிக்கும் 'மிட்கிஃப்ட்' என்ற சொல்லில் பழைய பொருள் இன்றும் உண்டு. நஞ்சுப் பொருளுக்குக் காரணம் மருத்துவர்கள். கொடுத்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் 'தோசிஸ்', ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தளவைக் குறிக்க இலத்தீன் மருத்துவ நூல்களில் வழங்கியது. அதை அடியொற்றி ஜெர்மானியரும் தம் கொடுத்தற்சொல்லை மருந்துக்கு ஆள, நாளடைவில் அது கொல்லும் மருந்துக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது. பூச்சிகளைக் கொல்லும் நஞ்சை நாமும் பூச்சிமருந்து என்றுதானே அழைக்கிறோம்?

மற்றொன்று 'ரூலிக்'. டென்மார்க்கிலும் நார்வேயிலும் அமைதியான என்று பொருள். சுவீடனில் வேடிக்கையான, மகிழ்ச்சியூட்டும் என்று பொருள். அமைதி, ஓய்வு, ஓய்வில் கிடைக்கும் இன்பம், கேளிக்கை என்று சுவீடிஷில் பொருள் நகர்ந்திருக்கிறது. ஆனால் அதன் எதிர்மறையான 'ஊரூலிக்' சுவீடிஷிலும் 'கவலையுற்ற' என்றே நிற்கிறது. தாய்ச்சொல் வீட்டை விட்டுப் போன பின்பும் பிள்ளை பழைய முகவரியிலேயே குடியிருக்கிறது. 'ஃப்ரோகொஸ்ட்' என்றால் நார்வேயில் காலை உணவு, டென்மார்க்கில் மதிய உணவு. பிற்பகல் விருந்துக்குக் காலையிலேயே போய் நின்றவர்களை நான் அறிவேன்.

நீலகேசரி எழுதியது:

இத்தாலியக் குளியலறைக் குழாயில் 'சி' என்ற எழுத்தைக் கண்டு குளிர்ந்த நீர் என்று திறந்துவிடாதீர்கள். அங்கே அது 'கால்தோ', சூடு. குளிர்ச்சியைக் குறிக்கும் ஜெர்மன் 'கால்ட்', ஆங்கில 'கோல்ட்' ஆகியவற்றுக்கும் இதற்கும் உறவில்லை. இலத்தீன் மென்ககரம் ஜெர்மானியத்தில் வன்ககரமாகும் என்ற விதிப்படி, 'கால்ட்' சொல்லின் உறவு உறைபனியைக் குறிக்கும் இலத்தீன் 'கெலு'; அதிலிருந்து பிறந்ததே இத்தாலியர் பனிக்கூழுக்கு வழங்கும் 'ஜெலாட்டோ'.

இலத்தீன் வழிவந்த மொழிகளுக்குள்ளேயே போலிகள் ஏராளம். 'புர்ரோ' இத்தாலியனில் வெண்ணெய், ஸ்பானியத்தில் கழுதை. முன்னது கிரேக்க 'பூட்டிரோன்' பிரெஞ்சு வழியாக வந்தது, பின்னது சிறு குதிரையைக் குறித்த பிற்கால இலத்தீன் 'புர்ரிகுஸ்' தேய்ந்தது. 'போல்வோ' ஸ்பானியத்தில் தூசி, போர்ச்சுகீசியத்தில் எண்காலிக் கணவாய்; இவையும் வெவ்வேறு வேர்கள். மாறாக, 'தாவுதல்' என்ற ஒரே இலத்தீன் வினையான 'சலீரெ', இத்தாலியனில் ஏறுதலாகவும் ஸ்பானியத்தில் வெளியேறுதலாகவும் பிரிந்தது. தாவியவன் மேலேயும் போகலாம், வெளியேயும் போகலாம். இரு மொழிகளும் ஆளுக்கொரு திசையை எடுத்துக்கொண்டன. தாராளமான என்ற பொருளுடைய 'லார்குஸ்' ஸ்பானியத்தில் நீளம், இத்தாலியனிலும் பிரெஞ்சிலும் அகலம், ஆங்கிலத்தில் பெரிது என்றாகிவிட்டது.

முத்துநகர்வாசி எழுதியது:

விளக்கங்களை ஏற்கிறேன். ஆனால் இதே அளவுகோலை நம் மொழிக்கும் வைக்க வேண்டுமல்லவா? 'ஒன்று' என்பதற்கும் ஆங்கில 'ஒன்' என்பதற்கும், 'எட்டு' என்பதற்கும் 'எய்ட்' என்பதற்கும் தொடர்பு காட்டிப் பலர் எழுதுகிறார்கள்.

அகராதிப்பித்தன் எழுதியது:

அளவுகோல் ஒன்றுதான்: இன்றைய ஒலியை விட்டுவிட்டு, கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தை எடுக்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் ஒன்று 'ஆன்', ஜெர்மனில் 'ஐன்', பழைய இலத்தீனில் 'ஓய்னோஸ்'. முன்னாலுள்ள வகர ஒலி ஆங்கிலத்தில் பிற்காலத்தில் ஒட்டியது. அதே சொல்லிலிருந்து வந்த 'ஓன்லி', 'அலோன்' ஆகியவற்றில் அது இன்றுவரை இல்லை. எட்டைப் பொறுத்தவரை, தமிழின் வேர் 'எண்' என்பதை எண்பதும் எண்ணூறும் எண்திசையும் காட்டுகின்றன. ஐரோப்பியப் பக்கமோ இலத்தீன் 'ஒக்டோ', ஜெர்மன் 'ஆக்ட்' என்று நடுவில் ககர இன ஒலியோடு நிற்கிறது. இரண்டையும் பின்னோக்கி நடத்தினால் விலகித்தான் போகின்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வழங்கிய பபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்கு 'டாக்' என்றே பெயர். ஆங்கிலத்தோடு அதற்கு எள்ளளவும் தொடர்பில்லை.

உண்மையான தொடர்பு வேண்டுமென்றால் 'காசு' இருக்கிறதே! ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று இரு சொற்கள் உள்ளன. ரொக்கத்தைக் குறிப்பது, பெட்டி என்ற பொருளுடைய இலத்தீன் 'கப்சா', இத்தாலியன் 'காசா', பிரெஞ்சு வழியாக வந்தது. பணப்பெட்டியின் பெயர் பெட்டிக்குள்ளிருக்கும் பணத்துக்கு ஆகிவந்தது. தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்தைக் குறித்த மற்றொரு 'கேஷ்', தமிழ்க் 'காசு' போர்ச்சுகீசியர் வாயில் 'காய்ஷா' ஆகி ஆங்கிலத்துக்குச் சென்றது. போர்ச்சுகீசியத்தில் பெட்டிக்கும் 'காய்ஷா' என்றே பெயர் என்பதால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. 1818-க்கு முன்பு சென்னையில் கம்பெனியார் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அக்கணக்கேடுகளில் வரும் 'கேஷ்' நம்முடையது, வங்கியில் வரும் 'கேஷ்' நம்முடையதன்று. மேலும், 'கப்சா' என்பது மேலே பேசிய 'கபெரெ'யிலிருந்து பிறந்தது. ஆகவே ரொக்கம் பொருநைச்செல்வியின் 'ஹாபன்' சொல்லுக்குத் தூரத்து உறவு.

கீழைக்காற்று எழுதியது:

சிலாவிய மொழிகளைப் பற்றி எவரும் பேசவில்லையே. செக் நாட்டு ரயில் நிலையத்தில் 'பொசோர்' என்ற எச்சரிக்கைப் பலகையைக் காணும் ரஷ்யர் திகைப்பார். செக் மொழியில் அது 'கவனம்', ரஷ்யனில் 'அவமானம்'. எல்லாரும் பார்க்க நேர்வது என்பது பழைய பொருள். பார்வையைச் செக் எடுத்துக்கொண்டது, பலர் பார்வைக்கு ஆளாகும் வெட்கத்தை ரஷ்யன் எடுத்துக்கொண்டது. செக்கில் 'செர்ஸ்த்வீ' என்றால் புதிதான ரொட்டி, ரஷ்யனில் 'சோர்ஸ்த்விய்' என்றால் காய்ந்துபோன ரொட்டி. மணத்தைக் குறிக்கும் செக் 'வூனே', நாற்றத்தைக் குறிக்கும் ரஷ்ய 'வோன்' ஆகியவையும் உடன்பிறப்புகளே. நம் 'நாற்றம்' சங்க காலத்தில் நறுமணமாக இருந்ததை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

கடன்சொற்களில் 'திவான்' வரலாறு நெடியது. பாரசீகத்தில் பதிவேடு, அலுவலகம், அவை என்று வளர்ந்த இச்சொல், புதுக்கோட்டையிலும் திருவிதாங்கூரிலும் அமைச்சரின் பதவிப்பெயரானது. அரபு வழியாக மத்தியதரைக் கடலைக் கடந்து இத்தாலியனில் 'தொகானா', ஸ்பானியத்தில் 'அதுவானா', பிரெஞ்சில் 'துவான்' என்று சுங்கச்சாவடிக்குப் பெயரானது. துருக்கியர் வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்தது அவைக்கூடத்து இருக்கை. ரஷ்யனில் 'திவான்' என்றால் மெத்தை இருக்கை, போலிஷில் 'திவன்' என்றால் தரைவிரிப்பு. நம் கடைகளில் விற்கும் திவான் கட்டில் அந்த இருக்கையின் வழியில் திரும்பி வந்தது.

பொருநைச்செல்வி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சிலாவிய மாதப் பெயர்களைப் பற்றி ஒரு கேள்வி. இலையுதிர்வு என்று பொருள்படும் 'லிஸ்தொபாத்' போலிஷிலும் செக்கிலும் நவம்பர் மாதம். குரோவேஷியனில் அக்டோபர் மாதம் என்கிறார்கள். இதற்குத் தட்பவெப்பம் காரணமாக இருக்குமா?

கீழைக்காற்று எழுதியது:

அப்படி எண்ணத் தோன்றும். ஆனால் குரோவேஷியா தெற்கே, வெப்பமான கடலோரத்தில் உள்ளது. அங்கே இலை பிந்தி உதிர வேண்டும், மாதப்பெயரோ முந்தி வருகிறது. மற்ற பெயர்களோடு வைத்துப் பார்த்தால் விவரம் தெளிவாகும். அரிவாள் மாதம் குரோவேஷியனில் 'ஸ்ர்பான்', ஜூலை. செக்கில் 'ஸ்ர்பென்', போலிஷில் 'ஷெர்பியென்', இரண்டும் ஆகஸ்ட். புல் மாதம் குரோவேஷியனில் 'த்ராவான்', ஏப்ரல். உக்ரேனியனில் 'த்ராவென்', மே. தெற்கே புல் முன்னதாகத் தழைக்கும், கதிர் முன்னதாக முற்றும் என்பதால் இவ்விரண்டும் தட்பவெப்பத்துக்குப் பொருந்துகின்றன. இலையுதிர்வு மட்டும் பொருந்தவில்லை. தெற்கு எப்போதும் முந்தும் என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது: பூ மாதம் போலிஷிலும் உக்ரேனியனிலும் ஏப்ரலாக இருக்க, போலந்துக்குத் தென்மேற்கே உள்ள செக் நாட்டில் அது மே. ஆகவே குரோவேஷிய நண்பர் 'லிஸ்தொபாத்' 5-ஆம் நாள் வருகிறேன் என்று எழுதினால் அக்டோபர் என்றும், செக் நண்பர் அவ்வாறே எழுதினால் நவம்பர் என்றும் கொள்க.